பழைய வழக்கும் புதிய வாழ்வும்



சென்ற ஆண்டு ஒரு பிற்பகல். வகுப்புகள் முடிந்து பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நோட்டுப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டிருந்தோம். எங்களிடம் படித்த ஓர் இளைஞன் வாசலில் வந்து நின்றான். வயது 26. மனைவி உண்டு, கைக்குழந்தை உண்டு. கையில் ஒரு வேலை விண்ணப்பப் பாரம் இருந்தது. பெயர், அடையாளக் கார்டு எண், முகவரி, படிப்பு எல்லாவற்றையும் அழகாக எழுதியிருந்தான். கையெழுத்து எங்களிடம் கற்றது, பார்த்தவுடன் தெரிந்தது. ஒரே ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

“சார், இந்தக் கேள்விக்கு நான் என்ன எழுதட்டும்?” என்று கேட்டான்.

கேள்வி இதுதான்: ‘நீதிமன்றத்தில் நீங்கள் எப்போதாவது குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டதுண்டா? ஆம் அல்லது இல்லை.’

நேயர்களே, அந்தக் கேள்விக்கு எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. காரணம், அந்தக் கட்டத்தில் அவன் ‘இல்லை’ என்று எழுத முடியாமல் போனதில் எங்களுக்கும் பங்கு உண்டு. அதை இன்று உங்கள் முன்னால் ஒளிக்காமல் சொல்கிறோம். எங்களைப் போல் இன்னொருவர் தவறு செய்யாமல் இருந்தால், அதுவே இந்தப் பேச்சின் பயன்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, அவனுடைய தாயார் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். “வாத்தியாரையா, புள்ளைய மாத்தா புடிச்சிட்டுப் போய்ட்டாங்க” என்று அழுதார். கிள்ளான் வட்டாரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறையிலிருந்து இரண்டு நண்பர்களோடு சேர்ந்து பேட்டரியும் சில உதிரிப் பாகங்களும் எடுத்துவிட்டான். எல்லாம் சேர்ந்து 200 வெள்ளி பெறாது. அப்போது அவனுக்கு 18 வயதும் நான்கு மாதமும். தாயார் செம்பனைத் தோட்டத்தில் பழம் பொறுக்கும் வேலை செய்தவர். வழக்கறிஞர் யாரையும் தெரியாது. அவருக்குத் தெரிந்த படித்த மனிதர் நாங்கள்தாம்.

நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? “குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லுங்கள் அம்மா. முதல் தடவைதானே! அபராதத்தோடு முடிந்துவிடும். நாளைக்கே வீட்டுக்கு வந்துவிடுவான்” என்றோம்.

நாங்கள் சொன்னபடியே நடந்தது. ஒப்புக்கொண்டான். 1,500 வெள்ளி அபராதம். தாயார் தாலிச் சங்கிலியை அடகு வைத்துக் கட்டினார். பையன் வீட்டுக்கு வந்துவிட்டான். நாங்களும் நல்லது செய்துவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்கினோம். வழக்கு அன்றோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆனால் அபராத ரசீது தந்த அந்த நாளில்தான் அவனுடைய பதிவு தொடங்கியது.

அந்தப் பதிவு எது? அதை அழிக்க முடியுமா? அழிக்க முடியாவிட்டால் என்ன செய்வது? ஒவ்வொன்றாகக் காண்போம்.

நம் நாட்டில் 1969-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் மற்றும் விரும்பத்தகாதவர்கள் பதிவுச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. குற்றவாளி எனத் தீர்ப்புப் பெற்றவரின் கைரேகை, பெயர், குற்றம், தண்டனை ஆகியவை இச்சட்டப்படி பதிவு செய்யப்பட்டு, கோலாலம்பூர் புக்கிட் அமானில் உள்ள காவல்துறைத் தலைமையகத்தில் வைக்கப்படுகின்றன. அபராதம் கட்டினாலும் சிறைக்குப் போனாலும், தீர்ப்பு தீர்ப்புதான். அபராதம் என்றால் பதிவு இல்லை என்று நம் மக்கள் பலர் நினைக்கிறார்கள். அது தவறான எண்ணம்.

இந்தப் பதிவு எங்கே எட்டிப் பார்க்கும்? மீண்டும் ஒரு வழக்கு வந்தால், தண்டனையை முடிவு செய்யும்போது பழைய பதிவை நீதிபதியின் முன் வைப்பார்கள். அரசாங்க வேலைக்கு விண்ணப்பித்தால் பின்னணி பார்ப்பார்கள். பாதுகாவலர் வேலைக்கும் காவல்துறையின் சரிபார்ப்பு உண்டு. வெளிநாட்டில் வேலை, படிப்பு, குடியேற்றம் என்று போனால், விஸ்மா புத்ரா என்று நாம் சொல்லும் வெளியுறவு அமைச்சின் நன்னடத்தைச் சான்றிதழைக் கேட்பார்கள். காவல்துறையின் பதிவைப் பார்த்த பிறகே அதைத் தருவார்கள். தோட்டத்தைவிட்டு வெளியே வந்த நம் பிள்ளைகள் முதலில் தேடிப் போகும் வேலைகளைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். பாதுகாவலர் வேலை, துறைமுக வேலை, லாரி ஓட்டும் வேலை, சிங்கப்பூருக்குப் போகும் வேலை. எந்தக் கதவுகள் நமக்குப் பக்கத்தில் இருக்கின்றனவோ, அந்தக் கதவுகளில்தான் இந்தக் கேள்வி ஒட்டியிருக்கிறது.

கைரேகைப் பதிவு நம் மக்களுக்குப் புதிய சங்கதி அன்று. நம் முன்னோர் சிலர் புறப்பட்டு வந்த மதுரைச் சீமையில், பிறந்த குலத்தை வைத்தே மனிதரைக் குற்றவாளி என்று எழுதி, ரேகை எடுத்து, இரவில் காவல் நிலையத்தில் படுக்கவைத்த சட்டம் ஒன்று இருந்தது. ஆங்கிலேயர் 1871-இல் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் அது. ஊரார் அதை ‘ரேகைச் சட்டம்’ என்றார்கள். 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த மக்கள் துப்பாக்கிச் சூட்டில் மாண்டார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-இல் நீக்கப்பட்டது. இந்தியா முழுவதும் 1952-இல் நீங்கியது. இதை ஏன் சொல்கிறோம்? அது ஒரு தவறும் செய்யாதவரைக் குற்றவாளி என்று எழுதிய சட்டம். இன்றைய பதிவு அப்படிப்பட்டதன்று. தீர்ப்பின் பேரில் எழுதப்படுவது. ஆனாலும் ஏட்டில் ஏறிய ஒரு வரி மனிதனை எத்தனை காலம் துரத்தலாம் என்ற கேள்வி அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

மற்ற நாடுகள் இந்தக் கேள்விக்கு என்ன விடை கண்டன? இங்கிலாந்தில் 1974-இல் குற்றவாளிகள் மறுவாழ்வுச் சட்டம் வந்தது. குறிப்பிட்ட காலம் வேறு குற்றம் செய்யாமல் வாழ்ந்தால், பழைய தீர்ப்பு ‘காலாவதி ஆனது’ என்று அச்சட்டம் கருதுகிறது. நம் பக்கத்து நாடான சிங்கப்பூர் 2005-இல் இதே போன்ற ஏற்பாட்டைச் செய்தது. மூன்று மாதத்துக்கு மேற்படாத சிறை, அல்லது 2,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேற்படாத அபராதம் பெற்றவர், அதன் பிறகு ஐந்து ஆண்டுகள் குற்றமின்றி வாழ்ந்தால், அவருடைய பதிவு காலாவதியாகிவிடும். கடுமையான சில குற்றங்களுக்கு இது பொருந்தாது. முன்பே வேறு பதிவு உள்ளவர்களுக்கும் கிடையாது. ஆனால் தகுதி பெற்றவர், குற்றப் பதிவு உண்டா என்ற கேள்விக்குச் சட்டப்படியே ‘இல்லை’ என்று எழுதலாம். இந்தியாவில் 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், கொடுங்குற்றம் தவிர்த்த மற்றவற்றில், சிறுவர்களின் தீர்ப்புப் பதிவுகளை உரிய காலத்துக்குப் பிறகு அழித்துவிட வகை செய்கிறது.

நம் மலேசியாவில் எப்படி? பெரியவர்களின் குற்றத் தீர்ப்பு குறிப்பிட்ட ஆண்டுகள் கழிந்ததும் தானாகவே காலாவதியாகும் பொதுச் சட்டம் நம்மிடம் இல்லை. எங்கள் மாணவன் சிங்கப்பூரில் அதே தவறைச் செய்து, அதே அளவு அபராதம் கட்டி, அதே போல எட்டு ஆண்டுகள் ஒழுங்காக வாழ்ந்திருந்தால், அந்தக் கட்டம் அவனுக்குத் தொல்லையாக இருந்திருக்காது. இங்கே அது நிற்கிறது. ஆகவே, நம்மைப் பொறுத்தவரை, பதிவு ஏறிய பிறகு அழிப்பதைவிட, ஏறாமல் பார்த்துக்கொள்வதே எளிது. அதற்குச் சட்டம் சில வாசல்களைத் திறந்து வைத்திருக்கிறது. அன்றைக்கு நாங்கள் அறியாதிருந்த வாசல்கள் அவை.

முதல் வாசல், வயது. 2001-ஆம் ஆண்டின் சிறார் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் சிறார். அவருடைய வழக்கு சிறார் நீதிமன்றத்தில் நடக்கும். மாஜிஸ்திரேட்டோடு இரண்டு ஆலோசகர்கள் அமர்வார்கள். அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். பொதுமக்கள் உள்ளே வர முடியாது. பெயரையோ படத்தையோ செய்தித்தாளில் போடக்கூடாது. சிறாரைக் கைது செய்தவுடன் பெற்றோருக்கும் நன்னடத்தை அதிகாரிக்கும் காவல்துறை தெரிவிக்க வேண்டும். எச்சரித்து விடுவது, நன்னடத்தைப் பிணையில் விடுவது, பெற்றோர் அல்லது உறவினர் பொறுப்பில் ஒப்படைப்பது, நன்னடத்தை அதிகாரியின் கண்காணிப்பில் வைப்பது என்று பல வழிகள் அந்த நீதிமன்றத்துக்கு உண்டு. சுங்கை பெசி துனாஸ் பக்தி பள்ளி போன்ற இடங்களுக்கு அனுப்புவது அவற்றுக்குப் பிறகு வருவது.

இங்கே பெற்றோர் கவனிக்க வேண்டியது நன்னடத்தை அதிகாரியின் அறிக்கை. அவர் வீட்டுக்கு வருவார், பள்ளிக்கும் வருவார். குடும்ப நிலை, படிப்பு, பழக்கம் எல்லாவற்றையும் கேட்பார். வெட்கப்பட்டு ஒளிந்துகொள்ளாதீர்கள். ‘அதெல்லாம் ஒன்றும் இல்லை’ என்று மூடி மறைக்காதீர்கள். பள்ளி ஆசிரியர், ஆலயத் தலைவர், வேலை கொடுத்தவர் ஆகியோரிடம் கடிதம் வாங்கி அவரிடம் கொடுங்கள். நீதிமன்றம் உங்கள் பிள்ளையைப் பார்ப்பது அந்த அறிக்கையின் வழியாகத்தான்.

இரண்டாவது வாசல், 18 வயதைத் தாண்டியவர்களுக்கு உரியது. நேயர்களே, இதைக் காகிதம் எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஏ பிரிவு. குற்றம் நிரூபணமானாலும், குற்றம் சாட்டப்பட்டவரின் நடத்தை, வயது, உடல்நிலை, குற்றத்தின் சிறுமை, அது நடந்த சூழ்நிலை ஆகியவற்றைக் கருதி, குற்றத் தீர்ப்பைப் பதிவு செய்யாமலேயே நீதிமன்றம் அவரை எச்சரித்து விடலாம். அல்லது மூன்று ஆண்டுக்கு மேற்படாத நன்னடத்தைப் பிணையில் விடலாம். ‘தீர்ப்பைப் பதிவு செய்யாமலேயே’ என்ற சொற்களில்தான் இந்தப் பிரிவின் உயிர் இருக்கிறது.

இதன் பக்கத்திலேயே 294 என்று இன்னொரு பிரிவு இருக்கிறது. அதிலும் நன்னடத்தைப் பிணை உண்டு. அதிலும் பையன் அன்றே வீட்டுக்கு வருவான். ஆனால் அது குற்றத் தீர்ப்புக்குப் பிறகு தரப்படும் சலுகை. வெளியே நிற்கும் தாய்க்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். பத்து ஆண்டு கழித்து ஒரு பாரத்தை நிரப்பும்போதுதான் வித்தியாசம் தெரியும். 173-ஏ பிரிவு கேட்டால் கிடைத்துவிடும் உரிமை அன்று. கடுமையான குற்றங்களுக்கு அதை எதிர்பார்க்கவும் முடியாது. ஆனால் முதல் தடவை, சிறு குற்றம், இளம் வயது என்றால், அதைக் கேட்கவாவது வேண்டும். கேட்பதற்கு ஒரு வழக்கறிஞர் வேண்டும். நாங்கள் அன்று அந்தத் தாயாரிடம் ‘ஒப்புக்கொள்ளச் சொல்லுங்கள்’ என்று சொன்னதற்குப் பதிலாக, ‘ஒரு நாள் பொறுங்கள், வழக்கறிஞர் ஒருவரைக் கேட்போம்’ என்று சொல்லியிருக்க வேண்டும்.

மூன்றாவது, சமரசம். லயத்திலோ அடுக்குமாடி வீட்டிலோ ஏற்படும் சிறு கைகலப்பு போன்ற சில வழக்குகளில், பாதிக்கப்பட்டவரும் சம்மதித்தால் சட்டம் அனுமதிக்கும் முறையில் இணக்கம் செய்துகொள்ளலாம். முறைப்படி அது ஏற்கப்பட்டால் விடுதலைக்குச் சமம். கோயில் திருவிழாவில் கைகலந்த இரண்டு குடும்பங்கள் வீம்புக்காக நீதிமன்றம் வரை போய், இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் பதிவு வாங்கிக்கொண்டு வருவதைப் பார்த்திருக்கிறோம். பெரியவர்களின் வீம்புக்கு விலை கொடுப்பவர்கள் பிள்ளைகள்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். ‘வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார், ஆனால் விடுதலை செய்யப்படவில்லை’ என்று ஓர் ஆணை உண்டு. அதில் குற்றத் தீர்ப்பு இல்லை. ஆயினும் அதே வழக்கை மீண்டும் கொண்டுவர இடம் இருக்கிறது. முழு விடுதலையா, வெறும் விடுவிப்பா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, ஆணையின் சான்று பெற்ற நகலை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். பிறப்புப் பத்திரத்தை வைக்கும் அதே தகரப் பெட்டியில் அதையும் வையுங்கள். விடுதலையான பிறகும் ஏதேனும் அலுவலகத்தில் பழைய வழக்கு தலைகாட்டினால், அந்த நகல்தான் உங்கள் சாட்சி.

சரி, தீர்ப்பு ஆகிவிட்டது. இனி என்ன வழி?

ஒன்று, மேல்முறையீடு. தீர்ப்பு நாளிலிருந்து 14 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீட்டு அறிவிப்பு கொடுக்க வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொண்டவர், தண்டனையின் அளவைப் பற்றியும் அது சட்டப்படி சரியா என்பதைப் பற்றியும் மட்டுமே மேல்முறையீடு செய்யலாம். ‘ஒப்புக்கொண்டுவிடு’ என்ற ஒரு சொல் எத்தனை கதவுகளை மூடுகிறது என்று பாருங்கள்!

இரண்டு, உயர் நீதிமன்றத்தின் சீராய்வு. கீழ் நீதிமன்றத்தின் பதிவேட்டை வரவழைத்து, நடந்தது சட்டப்படி சரிதானா என்று பார்க்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கு உண்டு. ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளும்போது, அதன் பொருளையும் விளைவையும் அவர் புரிந்துகொண்டாரா என்று மாஜிஸ்திரேட் உறுதி செய்ய வேண்டும் என்பது சட்டம். புரியாமல் தலையாட்டியது உண்மையானால், அதைக் காட்டலாம். ஆனால் ஆண்டுகள் ஓடஓட அந்தக் கதவு சாத்திக்கொண்டே போகும். எங்கள் மாணவனுக்காக ஒரு வழக்கறிஞரிடம் கேட்டோம். பதிவேட்டைப் பார்த்துவிட்டு, “கேள்வி கேட்டிருக்கிறார்கள், இவனும் புரிகிறது என்று சொல்லியிருக்கிறான்” என்றார். அதற்கு மேல் எங்களால் வாதாட முடியவில்லை.

மூன்று, மன்னிப்பு. கூட்டரசு அரசியல் சட்டத்தின் 42-ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. கோலாலம்பூர், புத்ராஜெயா, லாபுவான் ஆகிய கூட்டரசுப் பிரதேசங்களில் நடந்த குற்றங்களுக்கு மன்னிப்பு அளிக்கும் அதிகாரம் மாமன்னருக்கு உரியது. மாநிலத்தில் நடந்த குற்றங்களுக்கு அந்த மாநில ஆட்சியாளருக்கு உரியது. ஆகவே பிரிக்பீல்ட்ஸில் நடந்த குற்றத்துக்கு மனு மாமன்னருக்கு. கிள்ளானில் நடந்த குற்றத்துக்குச் சிலாங்கூர் சுல்தானுக்கு. நாம் எங்கே வசிக்கிறோம் என்பது கணக்கு அன்று. குற்றம் எங்கே நடந்தது என்பதே கணக்கு. சட்டத்துறைத் தலைவர் உள்ளிட்டோர் கொண்ட மன்னிப்பு வாரியம் ஆலோசனை கூறும். 2018 மே 16-ஆம் நாள் அன்வார் இப்ராஹிம் முழு மன்னிப்புப் பெற்றுச் சிறையிலிருந்து வெளிவந்ததை எல்லோரும் அறிவோம். அந்த மன்னிப்பே அவர் மீண்டும் தேர்தலில் நிற்க வழி திறந்தது. ஆனால் மன்னிப்பு என்பது அருள், உரிமை அன்று. 200 வெள்ளி பெறாத பேட்டரி வழக்குக்கு அது கைக்கெட்டும் வழி என்று சொல்லி உங்களுக்கு ஆசை காட்ட மாட்டோம்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. “பதிவை அழித்துத் தருகிறேன், மேலே ஆள் இருக்கிறார், 3,000 வெள்ளி கொடு” என்று சொல்லி வருபவர்கள் இருக்கிறார்கள். எங்கள் மாணவனிடமும் ஒருவர் வந்தார். காப்பிக்கடையில் உட்கார்ந்து பேசி, முன்பணம் 800 வெள்ளி வாங்கிக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை. அப்படி அழிக்கும் கடை எங்கும் இல்லை. நேர்மையற்ற ஒருவர் உண்மையிலேயே கைவைக்க முயன்றால், அது லஞ்சக் குற்றம். பழைய சிறு பதிவின் மேல் புதிய பெரும் பதிவு ஏறும். அந்த 800 வெள்ளி, குழந்தைக்குப் பால்மாவு வாங்க வைத்திருந்த பணம்.

இப்போது பெற்றோர்களுக்குச் சில வார்த்தைகள். இரவில் போன் வந்தால் என்ன செய்ய வேண்டும்?

முதலில், எந்தக் காவல் நிலையம், என்ன காரணம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கைது செய்யப்பட்டவருக்குக் காரணத்தைச் சொல்ல வேண்டும். உறவினரோடும் வழக்கறிஞரோடும் தொடர்புகொள்ளலாம் என்பதையும், சில விலக்குகள் தவிர, விசாரணைக்கு முன் தெரிவிக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்த வேண்டும். இவை சட்டத்தில் உள்ளவை. கேட்பது மரியாதைக் குறைவு அன்று.

அடுத்து, வழக்கறிஞர். கையில் பணம் இல்லை என்று கையைப் பிசைந்துகொண்டு நிற்காதீர்கள். குறைந்த வருமானம் உள்ள குடிமக்களுக்காக 2012 முதல் தேசியச் சட்ட உதவி அறக்கட்டளை இயங்கி வருகிறது. கைது, தடுப்புக் காவல், ஜாமீன், தண்டனைக் குறைப்பு முறையீடு ஆகியவற்றில் அதன் வழக்கறிஞர்கள் உதவுவார்கள். 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த அரசாங்கச் சட்ட உதவித் துறை இருக்கிறது. கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களும் இருக்கின்றன. நீதிமன்றத்தில் போய்ச் ‘சட்ட உதவி வழக்கறிஞர் வேண்டும்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

மூன்றாவது, மொழி. நீதிமன்றத்தில் வழக்கு தேசிய மொழியில் நடக்கிறது. புரியவில்லை என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். நம் பிள்ளைகள் வெட்கத்தாலும் பயத்தாலும் எல்லாவற்றுக்கும் ‘யா, துவான்’ என்று தலையாட்டிவிடுகிறார்கள். அந்தத் தலையாட்டல் பதிவேட்டில் ஏறிவிடும். பிறகு அதைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம்.

நான்காவது, ஒப்புக்கொள்வதா மறுப்பதா என்பதை வழக்கறிஞரிடம் பேசிய பிறகே முடிவு செய்யுங்கள். குற்றம் செய்தவன் பொய் சொல்லித் தப்ப வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆசிரியர் அப்படிச் சொல்லலாகாது. செய்த தவறை ஏற்க வேண்டும். பட்டறைக்காரரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். பொருளைத் திருப்பித் தர வேண்டும். ஆனால் எதற்கு ஒப்புக்கொள்கிறோம், அதன் விளைவு என்ன என்று தெரிந்து ஒப்புக்கொள்ள வேண்டும். நாளைக்கே வீட்டுக்கு வர வேண்டும் என்ற ஒரே அவசரத்துக்காக நாற்பது ஆண்டு உழைப்பை அடகு வைக்கக் கூடாது.

நேயர்களே, அந்தப் பாரத்தின் காலிக் கட்டத்துக்கு மீண்டும் வருவோம்.

“இல்லைன்னு எழுதிட்டா யாருக்கு சார் தெரியும்?” என்று அவன் கேட்டான். இதற்கு முன் ஒரு பாதுகாவலர் நிறுவனத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறான். மூன்று மாதம் கழித்துச் சரிபார்ப்பு முடிவு வந்தது. அன்றைக்கே சீருடையைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். திருடியதற்காக அல்ல, பொய் எழுதியதற்காக என்று சொன்னார்களாம். அந்த அவமானம் இன்னும் அவன் முகத்தில் இருந்தது.

நாங்கள் அவனோடு உட்கார்ந்து, ‘ஆம்’ என்று எழுதச் சொன்னோம். அதோடு ஒரு கடிதமும் எழுதினோம். என்ன நடந்தது, எப்போது நடந்தது, வயது என்ன, அபராதம் எவ்வளவு, அன்றிலிருந்து எங்கெங்கே வேலை செய்தான், என்ன பயிற்சி முடித்தான் என்று எல்லாவற்றையும் அரைப் பக்கத்தில் சொன்னோம். சாக்குப் போக்கு ஒன்றும் எழுதவில்லை. எட்டு ஆண்டாக அவனை அறிந்தவர்கள் என்ற முறையில் எங்கள் கடிதம் ஒன்றையும் சேர்த்தோம். முதல் இடத்திலிருந்து பதில் இல்லை. இரண்டாவது இடத்தில் மறுத்துவிட்டார்கள். மூன்றாவது, ஒரு கிடங்கு. அங்கே மேலாளர் கடிதத்தைப் படித்துவிட்டு, “மறைக்காமல் சொன்னாயே” என்று சொல்லி, ஆறு மாதம் பார்க்கலாம் என்று எடுத்துக்கொண்டாராம். ஆறு மாதம் கடந்துவிட்டது. இப்போதும் அங்கேதான் வேலை செய்கிறான். பதிவு அழியவில்லை. அது இருந்த இடத்திலேயே இருக்கிறது.

எல்லாருக்கும் இப்படி ஒரு மேலாளர் கிடைப்பார் என்று சொல்ல முடியாது. அதனால்தான் சிங்கப்பூரில் உள்ளது போன்ற ஓர் ஏற்பாடு இங்கும் வேண்டும் என்று கேட்பது நியாயம். நம் தொழிற்சங்கங்களும் ஆலயக் குழுக்களும் பெற்றோர் சங்கங்களும் தங்கள் தொகுதிப் பிரதிநிதியைச் சந்திக்கும்போது, சாலைக்கும் மண்டபத்துக்கும் மானியம் கேட்பதோடு, இதையும் ஒரு கோரிக்கையாக வைக்கலாம். சிறு குற்றம் செய்து, தண்டனையை அனுபவித்து, பல ஆண்டுகள் ஒழுங்காக வாழ்ந்தவனுக்கு, ‘போதும், இனி எழுது புதுப் பக்கம்’ என்று சட்டம் சொல்ல வேண்டாமா?

சட்டம் சொல்லும் வரை நாம் சொல்லலாம். கிள்ளான் பள்ளத்தாக்கில் பல தோட்டங்கள் மறைந்துவிட்டன. பள்ளிகளின் பெயரில் மட்டும் தோட்டம் தங்கியிருக்கிறது. ஆனால் தோட்டத்துப் பேச்சு மறையவில்லை. ‘அவனா? அவன் ஜெயிலுக்குப் போனவனாச்சே!’ என்ற பேச்சு அடுக்குமாடி வீட்டின் பதினைந்தாம் மாடி வரைக்கும் ஏறி வந்திருக்கிறது. புக்கிட் அமானில் இருக்கும் பதிவை நம்மால் அழிக்க முடியாது. நம் வாயில் இருக்கும் பதிவை இன்றைக்கே அழிக்கலாம். பெண் கேட்டு வரும்போதும், வேலைக்குச் சிபாரிசு கேட்டு வரும்போதும், ஆலயக் குழுவில் பெயர் சொல்லும்போதும், பழைய வழக்கை முதலில் எடுத்து நீட்டாமல் இருந்தால் அதுவே பெரிய உதவி.

அடுத்த சில ஆண்டுகளில் அந்த இளைஞனின் மகள் எங்கள் பள்ளியில் முதலாம் ஆண்டில் சேருவாள். அவளைச் சேர்க்கும் பாரத்தில் தகப்பனார் பெயர், தொழில், முகவரி ஆகிய மூன்றுதான் கேட்கப்படும். நான்காவது கேள்வி அதில் இல்லை. அதில் எங்களுக்கு மகிழ்ச்சி.